தப்பான விடையைப் படிக்கத் தெரிந்தவர்கள்

ஆசிரியர்களைப் பாராட்டும்போது பெரும்பாலும் அவர்களுடைய குணத்தைத்தான் பாராட்டுகிறோம். பொறுமை, அன்பு, தியாகம், அர்ப்பணிப்பு. மேடை ஏறிவிட்டால் ஏணி, தோணி, மெழுகுவர்த்தி எல்லாம் தவறாமல் வந்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆசிரியர் காலை முதல் மாலை வரை வகுப்பில் என்ன செய்கிறார் என்று ஒரு வரிகூட அந்தப் பேச்சில் இருக்காது. நல்ல அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய கைத்திறனைத்தான் முதலில் சொல்கிறோம், அன்பானவர் என்பதெல்லாம் அப்புறம். ஆசிரியர் என்று வந்துவிட்டால் அந்தத் திறமை நம் கண்ணில் படுவதே இல்லை. எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆதங்கம் இது.

என் அக்கா தொடக்க வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். அவள் வீட்டில் நோட்டுத் திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் சிவப்பு மையில் சரி, தப்பு போடுகிற வேலை. கிட்டத்தில் இருந்து கவனித்தால் அவளுடைய கண் எங்கே நிற்கிறது என்பது தெரியும். சரியான விடை வந்தால் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். தப்பான விடை வந்தால்தான் பேனா நிற்கும். பக்கத்தில் ஒரு தாளில் அந்தப் பிள்ளை போட்ட வழியிலேயே தானும் போட்டுப் பார்ப்பாள், அதே தப்பு விடை தனக்கும் வருகிறதா என்று. வந்துவிட்டால் அவள் முகத்தில் ஒரு திருப்தி.

அப்படி அவள் காட்டிய ஒரு கணக்கு: 503இல் இருந்து 267ஐக் கழிக்க வேண்டும். விடை 236. ஒரு பிள்ளை 364 என்று எழுதியிருந்தது, இன்னொரு பிள்ளை 336 என்று. மதிப்பெண் பட்டியலில் இரண்டும் ஒன்றுதான், பூஜ்யம். ஆனால் முதல் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணில் இருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது. 3இல் 7 போகாது, அதனால் 7இல் 3 போக 4. 0இல் 6 போகாது, அதனால் 6. 5இல் 2 போக 3. கடன் வாங்கிக் கழிப்பது என்பதே அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டாவது பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். ஒன்றுகளின் இடத்தில் 13இல் 7 போக 6 என்று சரியாகவே போட்டிருக்கிறது. நடுவில் உள்ள பூஜ்யம் 9 ஆக வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. அந்த 9 எங்கிருந்து வந்தது, அதற்காக நூறுகளின் இடத்தில் உள்ள 5 குறைந்து 4 ஆகியிருக்க வேண்டுமே என்பது மட்டும்தான் விட்டுப்போயிருக்கிறது.

முதல் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை இரண்டாவது பிள்ளையிடம் சொன்னால் அதற்குச் சலித்துப்போகும். இரண்டாவதற்குச் சொல்ல வேண்டியதை முதல் பிள்ளையிடம் சொன்னால் ஒன்றும் புரியாது. "கவனமாப் போடு" என்று இரண்டு பேரிடமும் சொன்னால் இரண்டு பேருக்கும் பயன் இல்லை, ஏனென்றால் இரண்டு பேரும் கவனமாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றித்தான். கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தப்புகளில் பல ஏனோதானோவென்று வருபவை அல்ல, தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று அவர்கள் காட்டினார்கள். கணினி நிரலில் பிழை தேடுவதைப் போல அந்தத் தவறான விதிகளைத் தேடிப் பிடித்து, நீளமான ஒரு பட்டியலே போட்டார்கள். அதற்கென்று அவர்கள் கணினி நிரலும் எழுதினார்கள். அக்கா மாதிரி ஆசிரியர்கள் அதே வேலையை ஒரு பேனாவை வைத்துக்கொண்டு, சாயங்காலம், ஒரு கட்டு நோட்டில் செய்கிறார்கள். மறுநாள் காலையில் அந்த இரண்டு பிள்ளைகளையும் வேறு வேறு இடத்தில் உட்கார வைத்து, வேறு வேறு கணக்குக் கொடுக்கிறார்கள். வகுப்பில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு ஏதோ இடம் மாற்றி உட்கார வைத்த மாதிரிதான் தெரியும்.

எடுத்துக்காட்டுக் கணக்கைத் தேர்ந்தெடுப்பதும் இப்படித்தான். தசம எண்கள் நடத்தும்போது 0.3, 0.45 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பல பிள்ளைகள் 0.45 என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். சரியான விடைதான். ஆனால் அதில் சில பேர், 45 என்பது 3ஐ விடப் பெரியது, அதனால் இதுவும் பெரியது என்று நினைத்துச் சொல்லியிருப்பார்கள். 0.6, 0.45 என்று கேட்டால்தான் அவர்கள் சிக்குவார்கள். அங்கேயும் 0.45 என்பார்கள். புள்ளிக்குப் பின் எத்தனை குறைவான இலக்கங்கள் இருக்கிறதோ அத்தனை பெரிய எண் என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கை விடப் பெரியது என்று சொல்லிக்கொடுத்ததை அவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டவர்கள். அவர்கள் 0.6 என்று சரியாகச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள், 0.3, 0.45 என்ற முதல் கேள்வியில்தான் மாட்டுவார்கள். ஆக, இந்த இரண்டு ஜோடியில் எதைப் பலகையில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பாதித் தப்பு கண்ணுக்குத் தெரியும், மறு பாதி ஒளிந்துகொள்ளும். தெரிந்த ஆசிரியர் இரண்டையும் எழுதுவார். பார்க்கிறவருக்கு அது சும்மா இரண்டு கணக்கு.

பாடம் தெரிந்திருப்பது ஒன்று, பொதுவாக வகுப்பு நடத்தத் தெரிந்திருப்பது இன்னொன்று. இந்தப் பாடத்தில் இந்த வயதுப் பிள்ளை எங்கே இடறும், எந்த எடுத்துக்காட்டு அதைத் தூக்கிவிடும் என்று தெரிந்திருப்பது இந்த இரண்டிலும் அடங்காத தனி அறிவு. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இதைச் சுட்டிக்காட்டினார். ஆசிரியர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளே இந்த அறிவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டன என்பதுதான் அவருடைய குறை. கணிதத்தில் பெரிய பட்டம் வாங்கியவருக்கு 364 எப்படி வந்தது என்று உடனே பிடிபட வேண்டும் என்பதில்லை. தப்பு விடைகளோடு பல வருடம் பழகியவருக்குப் பிடிபடும்.

சரி, இது நோட்டில் நடக்கிற வேலை. வகுப்பில் நடப்பது இதைவிட வேகமானது, அதனால் இன்னும் கண்ணில் படாதது.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஏராளமாகக் கேட்டு, ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டதற்கும் அடுத்து வாய் திறப்பதற்கும் நடுவில் சராசரியாக ஒரு விநாடிதான் இருக்கிறது என்று கண்டார். அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியரே பதில் சொல்லிவிடுவார், அல்லது அடுத்த பிள்ளையைக் கேட்டுவிடுவார். அந்த ஒரு விநாடியை மூன்று விநாடியாகவோ அதற்கு மேலோ நீட்டச் சொல்லி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது, பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின. "தெரியாது" என்பதும் மௌனமும் குறைந்தன. மந்தம் என்று ஆசிரியர்களே நினைத்திருந்த பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் கூடின. 1970களில் வந்த இந்த முடிவுகள் கல்வித் துறையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை.

மூன்று விநாடி என்பது படிக்கும்போது ஒன்றுமே இல்லை. முப்பது நாற்பது முகங்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க, நான்கு கைகள் மேலே எழுந்து ஆடிக்கொண்டிருக்க, பாடம் முடியப் பத்து நிமிடம் மீதி இருக்க, வாயை மூடிக்கொண்டு நிற்கும்போது அது எவ்வளவு நீளம் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். இதில் ரோ கவனித்த இன்னொரு விஷயம் என்னை மிகவும் பாதித்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் என்று தாங்கள் நினைத்தவர்களுக்கு ஆசிரியர்கள் தங்களை அறியாமலே கொஞ்சம் அதிக நேரம் கொடுத்தார்கள், பின்தங்கிய பிள்ளைகள் என்று நினைத்தவர்களுக்குக் குறைவான நேரம். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குக் குறைவு. இதைத் தானாகத் தெரிந்துகொண்டு, தன் கையாலேயே இந்தப் பழக்கத்தைத் திருத்தி, அந்தக் கடைசி வரிசைப் பிள்ளைக்காக ஐந்து விநாடி நிற்கிற ஆசிரியரைக் கண்டால் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

நம் மொழியில் இதைச் சொன்னவர்கள் உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் நன்னூலில், பாடம் சொல்வது எப்படி என்பதற்கே தனியாக ஒரு நூற்பா இருக்கிறது. 'விரையான் வெகுளான்' என்று அவசரப்படாமையையும் கோபப்படாமையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, 'கொள்வோன் கொள்வகை அறிந்து' சொல்ல வேண்டும் என்கிறது. ஷுல்மன் சொன்னதும் ரோ சொன்னதும் அந்த இரண்டு அடிக்குள் இருக்கின்றன. மாணவர் காலத்தில் மனப்பாடம் செய்து ஒப்பித்த வரிகள்தான். அக்காவின் நோட்டுக் கட்டைப் பார்த்த பிறகு படித்தபோதுதான் எனக்கு அது வேலைக் குறிப்பாகத் தெரிந்தது.

வகுப்பை அமைதியாக வைத்திருப்பது பற்றியும் நம் எண்ணம் தலைகீழாகத்தான் இருக்கிறது. கண்டிப்பான ஆசிரியர், அவர் முறைத்தால் வகுப்பே அடங்கும் என்று பெருமையாகப் பேசுவோம். ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்புகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவு வேறு. சேட்டை நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில் நல்ல ஆசிரியருக்கும் தடுமாறும் ஆசிரியருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு முன்னால்தான் வித்தியாசம். வகுப்பு முழுவதும் என்ன நடக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்று பிள்ளைகள் உணரும்படி இருப்பது, ஒரு வேலையில் இருந்து அடுத்த வேலைக்குத் தடங்கல் இல்லாமல் நகர்த்துவது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிப்பது. பாடம் சொல்லிக்கொண்டே நடந்து போய் ஒரு மேசைக்குப் பக்கத்தில் நின்றுவிடுவார், அவ்வளவுதான். அங்கே தொடங்க இருந்த சண்டை தொடங்காது. நடக்காமல் போன சண்டையை யார் பார்த்தார்கள், யார் பாராட்டுவார்கள்?

1968இல் பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் நாளொன்றுக்கு 1,000 முறை வரை யாரோ ஒருவரிடம் ஏதோ ஒன்றைப் பேசவும் கேட்கவும் பதில் சொல்லவும் வேண்டியிருக்கிறது என்று எழுதினார். ஒவ்வொன்றும் ஒரு சின்ன முடிவு. இந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்வதா, அப்புறமா. இந்த அழுகை வயிற்று வலியா, பக்கத்தில் இருப்பவன் ஏதாவது சொன்னானா. யோசிக்க நேரம் இருக்காது, பெரும்பாலும் சரியாக இருக்க வேண்டும்.

இவ்வளவு வேலை நம் கண் முன்னால் நடந்தும் ஏன் நமக்குத் தெரியவில்லை? டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. வேறு எந்தத் தொழிலையும் நாம் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பள்ளி முடிப்பதற்குள் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். அதனால் அந்த வேலை என்னவென்று நமக்குத் தெரியும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் பார்த்தது மாணவரின் இடத்தில் இருந்து. ஆசிரியர் ஏன் அந்தக் கணக்கை எடுத்தார், ஏன் நம்மைக் கேட்காமல் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார், முதல் நாள் இரவு எதைத் தயாரித்து எதை வேண்டாம் என்று ஒதுக்கினார் என்பதெல்லாம் அந்த இடத்தில் இருந்து தெரியாது. நினைவில் தங்குவது அவர் குரலும் கோபமும் சிரிப்பும்தான். குணத்தைப் பாராட்டி நிறுத்திவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒருவரைத் தியாகி என்று அழைத்துவிட்டால், அவரிடம் சம்பளமில்லாத வேலையை வாங்குவது எல்லோருக்கும் சுலபமாகிவிடுகிறது. பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத படிவங்கள், பதிவேடுகள், கூட்டங்கள் எல்லாம் அவர் தலையில் விழும். முகம் சுளித்தால் "இது புனிதமான தொழில் ஆயிற்றே" என்று ஒரு வார்த்தை வரும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் சேர்ந்து தயாரித்து 1966 அக்டோபர் 5 அன்று ஏற்கப்பட்ட பரிந்துரை, கற்பித்தலை நிபுணத்துவ அறிவும் தனித் திறன்களும் தேவைப்படும் தொழிலாகக் கருத வேண்டும் என்றும், அந்த அறிவும் திறனும் கடுமையான, தொடர்ச்சியான படிப்பால் வருபவை என்றும் சொல்கிறது. 1994 முதல் உலக ஆசிரியர் நாள் அந்தத் தேதியில்தான் கொண்டாடப்படுகிறது. கொண்டாட்டம் நிலைத்துவிட்டது. அந்த வரி மறந்துபோய்விட்டது.

நோட்டுக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் என் மனம் அங்கேதான் அதிகம் நிற்கிறது. அக்கா சில நாள் மதிப்பெண் போடாமல் ஒரு வரி மட்டும் எழுதுவாள். "மூன்றாவது வரி வரைக்கும் சரி. நான்காவதில் குறி மாறியது ஏன் என்று பார்." பெற்றோர் சிலருக்கு இது பிடிப்பதில்லை, எத்தனைக்கு எத்தனை என்றுதான் கேட்பார்கள். ருத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் மாதிரியே நின்றுவிட்டார்கள். எண் கண்ணில் பட்டதும் குறிப்பைப் படிக்கிற ஆசை போய்விடுகிறது போலும். ஆனால் எண் போடுவது சுலபம், குறிப்பு எழுதுவது கஷ்டம். ஒரு நோட்டுக்கு 2 நிமிடம் என்று வைத்தாலும் 40 நோட்டுக்கு 80 நிமிடம். அது ஒரு வகுப்புக்கு மட்டும், ஒரு நாள் வேலைக்கு மட்டும். யாரும் கேட்காமல், எந்த நேர அட்டவணையிலும் இடம் இல்லாமல் அந்த 80 நிமிடம் எங்கிருந்தோ வருகிறது.

எல்லா ஆசிரியர்களும் இப்படி என்று சொல்ல வரவில்லை. பிள்ளைகளை அவமானப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள், வருடக்கணக்கில் அதே குறிப்பைத் திருப்பித் திருப்பி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனாலேயே ஆசிரியர் என்றாலே தெய்வம் என்று எல்லோரையும் ஒரே மாலையில் கட்டுவது நல்ல ஆசிரியருக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. 364ஐயும் 336ஐயும் பிரித்துப் பார்த்தவருக்கும் இரண்டுக்கும் கோடு போட்டு நகர்ந்தவருக்கும் ஒரே பொன்னாடை.

தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பிரிக்கலாமே என்றால், அதிலும் முழுதாகத் தெரியாது. பொருளாதார அறிஞர் கிராபோ ஜாக்சன் (முன்னே சொன்ன ஜாக்சன் வேறு) அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 9ஆம் வகுப்பு ஆசிரியர்களைப் பற்றி 2018இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளின் வருகை, நடத்தை, அடுத்த வகுப்புக்குத் தேறுவது போன்றவற்றில் ஆசிரியர் ஏற்படுத்தும் மாற்றத்தையும் அளந்தார். அந்தப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடிப்பார்களா என்பதைத் தேர்வு மதிப்பெண்ணில் ஏற்படும் மாற்றத்தைவிட இது நன்றாகக் காட்டியது. ஒரு பிள்ளையைத் தினமும் பள்ளிக்கு வர வைத்த ஆசிரியரின் வேலை எந்த மதிப்பெண் பட்டியலிலும் இருக்காது.

2030க்குள் உலகம் முழுவதும் தொடக்க, இடைநிலை வகுப்புகளுக்குக் கூடுதலாக 4.4 கோடி ஆசிரியர்கள் தேவைப்படுவார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டிருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் 2015இல் 4.6 சதவீதமாக இருந்து 2022இல் 9 சதவீதமாகியிருக்கிறது. அனுபவமுள்ள ஒருவர் போகும்போது அவரோடு போவது தப்பு விடைகளைப் பற்றிய அவருடைய அறிவு. அது பெரும்பாலும் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. நன்றி சொல்வதால் மட்டும் யாரும் தங்கிவிட மாட்டார்கள், சம்பளமும் நேரமும் மரியாதையும் வேண்டும். ஆனாலும் தான் செய்த வேலையை ஒருவராவது பார்த்தார் என்பது சின்ன விஷயம் இல்லை. அக்கா பத்திரமாக வைத்திருக்கும் கடிதங்களில் "நீங்கள் எனக்கு அம்மா மாதிரி" என்பவை நிறைய. அவள் எடுத்து எடுத்துப் படிப்பது ஒன்றே ஒன்றை. பின்னங்களை எண்கோட்டில் வைத்துக் காட்டிய அந்த ஒரு வாரத்தைப் பற்றி, வளர்ந்த பிறகு ஒரு மாணவி எழுதியது.

அதைப் பார்த்துத்தான் என் மகளின் அறிவியல் ஆசிரியைக்கு நானும் எழுதினேன். நிலா ஏன் தேய்கிறது என்ற பாடம். பாடம் தொடங்கும் முன்பே ஏன் தேய்கிறது என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டாராம். பூமியின் நிழல் விழுகிறது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், மகளும்தான். அவர் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. மறுநாள் அறையை இருட்டாக்கி நடுவில் ஒரு விளக்கை வைத்து, கையில் ஒரு வெள்ளைப் பந்தைக் கொடுத்து, தலைக்குச் சற்று மேலே நீட்டிப் பிடித்தபடி மெதுவாகச் சுற்றச் சொல்லியிருக்கிறார். பந்தில் பாதி எப்போதும் வெளிச்சமாகத்தான் இருக்கிறது, நாம் திரும்பத் திரும்ப அந்த வெளிச்சப் பாதியில் நமக்குத் தெரியும் பங்கு மாறுகிறது. அப்புறம் பந்தைக் கொஞ்சம் இறக்கி, விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லியிருக்கிறார். தலையின் நிழல் பந்தில் விழுந்தது. "நீங்க எழுதினது இது. இதுக்குப் பேர் என்ன?" கிரகணம் என்று பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய தப்பு விடையைத் தூக்கிப் போடாமல் அது எந்தக் கேள்விக்குச் சரியான விடை என்று காட்டிவிட்டார்.

இதையெல்லாம் அப்படியே எழுதி, முதலில் எழுதி வாங்கியதும் பந்தை இறக்கச் சொன்னதும் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லி நன்றி தெரிவித்தேன். அன்று இரவே பதில் வந்தது. நன்றிக்கு ஒரு வரி. மீதி எல்லாம் கேள்வி. மகள் இதை வீட்டில் சொன்னபோது எந்த வார்த்தைகளில் சொன்னாள், பந்தை எந்தப் பக்கம் சுற்றிக் காட்டினாள், பாதி நிலாவுக்கு விளக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்கிறாளா. அடுத்த வாரம் அந்தப் பாடத்தை இன்னொரு பிரிவுக்கு எடுக்கப் போகிறாராம், அதற்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். மகளைக் கூப்பிட்டு ஒரு பந்தைக் கையில் கொடுத்தேன். அவள் சொன்னதையெல்லாம், பாதி நிலாவில் கொஞ்சம் தடுமாறியதையும் சேர்த்து, எழுதி அனுப்பினேன்.